துண்டுக்குள் சிக்கிய விலை

சிலமலையைத் தாண்டியதும் சட்டைப்பையில் கிடந்த ஏலக்காய் நான்கையும் எடுத்துச் சாலையோரத்தில் எறிந்தேன். ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறவன் பையில் எப்போதும் நாலு காய் கிடக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். பாயசத்துக்குப் போடுகிற அந்த மணம் என் சட்டையில், நகத்தில், வியர்வையில் ஏறியிருந்தது. அன்றைக்கு அது குமட்டியது. போடியிலிருந்து தேவாரம் போகிற பஸ்கள் இரண்டு என்னைக் கடந்து போயின. நான் கை காட்டவில்லை. நடந்தால் கொஞ்சம் தீரும் என்று நினைத்தேன். ராசிங்கபுரம் வந்தும் தீரவில்லை.

போடியில் அந்தக் கடையில் ஏழு மாதம் இருந்தேன். எனக்கு அது நீண்ட காலம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் திருப்பூரில் பனியன் கம்பெனி, கோட்டயத்தில் ஓட்டல், ஆண்டிபட்டியில் தறி, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் என்று அலைந்தவன் நான். சில இடங்களில் துரத்தினார்கள். பல இடங்களில் நானே கிளம்பினேன். பட்டினி கிடந்திருக்கிறேன், பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்த இடத்திலிருந்தும் என்மேலேயே அருவருப்பு வந்து கிளம்பியதில்லை.

பெரிய தோட்டக்காரர்கள் காயை ஏல மையத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கே கம்ப்யூட்டரில் விலை ஓடும். மலையில் ஒரு ஏக்கர், அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து ஒன்றிரண்டு மூட்டை வைத்திருப்பவர்கள் சின்னக் கடைகள் இருக்கிற எங்கள் சந்துக்கு வருவார்கள். சந்தில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுச் சந்தைத் தரகர்களைப் போல, விற்பவர் கையும் வாங்குபவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி இருபது பேர் நின்றாலும் விலை அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். கை உள்ளே இருக்கும்வரை விற்பவர் வேறு யாரிடமும் பேசக் கூடாது. வாங்குபவர் விலையை வாயால் சொல்லக் கூடாது. யாராவது மீறினால், அதற்குப் பிறகு அந்தச் சந்தில் ஒருவரும் அவர் கைமேல் துண்டு போடமாட்டார்கள். என் முதலாளியின் அப்பா மாட்டுத் தரகராக இருந்து ஏலக்காய்க்கு வந்தவர். முதலாளி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போதும் தோளில் அந்தத் துண்டு இருக்கும்.

துண்டு நேரில் வருபவர்களுக்குத்தான். மலையில் இருக்கிறவர்களுக்குப் போனில் விலை சொல்லவேண்டியிருந்தது. போனில் சொன்ன விலை பத்து நிமிஷத்தில் அடுத்த கடைக்குத் தெரிந்தது. முதலாளி ஆளை மாற்றினார், போனை மாற்றினார், ஒன்றும் நிற்கவில்லை. அப்போதுதான் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவர் மருமகன் ஊரோடு வந்து சேர்ந்தார். பிளாக்செயினில் ரகசியச் செய்தி அனுப்புகிற ஆப் ஒன்றைச் செய்து கொடுத்தார்.

எனக்கு அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே சொல்கிறேன். உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே கணக்குப் புத்தகம் இருக்கிறது. நாம் அனுப்புகிற செய்தி பூட்டிய பெட்டியாக அதில் ஒரு வரியில் போய் உட்காரும். சாவி உள்ளவர் மட்டும் திறக்கலாம். அழிக்க முடியாது, மாற்ற முடியாது, நடுவில் யாரும் எடுக்க முடியாது. ஆனால் அந்த வரியில் இடம் பிடிக்கக் கட்டணம் உண்டு. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு டீ விலை. கூட்டமான நேரத்தில் ஓர் ஆளின் அரைநாள் கூலி. கூடக் கொடுப்பவன் முன்னால் போவான், குறைத்துக் கொடுத்தவன் நிற்பான்.

இரண்டு பேருக்கு மட்டும் தெரியவேண்டிய ஒரு நம்பரை ஏன் உலகம் முழுக்க எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டேன். மருமகன் சிரித்தார். "அதாண்ணே அதோட அழகு" என்றார். அவர் அறையில் ரோஜா மணம் அடிக்கிற டப்பா ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். ஏலக்காய் மணத்தோடு அது கலந்து தலைவலி வரும்.

எழுத்து கூடினால் கட்டணமும் கூடும். தமிழ் எழுத்து இங்கிலீஷ் எழுத்தைப்போல மூன்று மடங்கு இடம் பிடிக்கும் என்று அவர் சொன்னார். "விலை சொல்லுங்கள் அக்கா" என்று ஒரு வரி எழுதியதற்கு அது கேட்ட காசைப் பார்த்து முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அன்றோடு தமிழ் நின்றது. வெறும் எண்கள். விலை என்றால் விலை. சரி என்றால் 1. வேண்டாம் என்றால் 0. ஐயா, அம்மா, சவுக்கியமா எல்லாம் போயிற்று.

மாமனாரைக் குளிர்விக்க மருமகன் ஒன்று செய்தார். செய்தி போய்க்கொண்டிருக்கும்போது இரண்டு பேர் போனிலும் 'கை உள்ளே' என்று காட்டும். போய்ச் சேர்ந்ததும் 'கை வெளியே' என்று காட்டும். அதைப் பார்த்த முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கப்பா இருந்து பாக்கலியேடா" என்றார்.

அந்த ஆப் மேல் உண்மையான ஆசை வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். பண்ணைப்புரத்து அக்கா. கம்பம்மெட்டுக்கு மேலே, கேரளப் பக்கம் ஒரு ஏக்கர் குத்தகை வைத்திருந்தார். ஆறு வருஷமாகப் புதர் வெட்டி, செடி வைத்து, வாய்க்கால் இழுத்து, காய் உலர்த்தத் தகரக் கொட்டகை போட்டு அதைத் தோட்டமாக்கியவர். துண்டுக்குள் பெண் கை போகாது. அதனால் அவர் அண்ணன்தான் கடைக்கு வந்து விலை பேசுவார். அண்ணன் உள்ளே பிடித்த விரல் ஒன்று, வீட்டில் போய்ச் சொன்ன விலை வேறொன்று. சந்தில் எல்லாருக்கும் அது தெரியும். அக்காவுக்கும் தெரியும். ஆப் வந்த முதல் வாரம் அவர் தானே கடைக்கு வந்து, படியில் உட்கார்ந்து, தன் போனில் வந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இப்பத்தான் தம்பி என் கை உள்ள போயிருக்கு" என்றார்.

"இனிமே உங்க அண்ணனுக்கு வேலையில்லையாக்கா?" என்று கேட்டேன்.

"அவுகளுக்கு என்ன, ரெண்டு கையும் இருக்கு. வேற யாரு துண்டுக்குள்ளயாச்சும் விடட்டும்."

செய்திகளை அனுப்புகிற வேலை என்னுடையது. கேட்ட விலையில் பாதியிலிருந்து ஆரம்பிப்பது எங்கள் சந்தின் பழக்கம். வாழைத்தார் வாங்கினாலும் ஜீப் வாங்கினாலும் அப்படித்தான். எனக்கும் ஏழு மாதத்தில் அது ஒட்டிவிட்டது. ஆப் ஒரு கட்டணம் கேட்கும். நான் பாதியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பேன். மதியத்துக்குமேல் கூட்டம் குறைந்து செய்தி போய்விடும். மெஷின் இறங்கி வந்துவிட்டது என்று முதலாளியிடம் சொல்வேன். "ஏலே, நீ பெரிய தரகன்டா" என்று அவர் முதுகில் தட்டுவார். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது நினைத்தால் அந்தத் தட்டு விழுந்த இடம் கூசுகிறது.

நான் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு மதியம் இரண்டு மணிக்கு அக்காவின் தோட்டத்துக்கு நிலக்காரரின் மேனேஜர் வருவதாக இருந்தது. அடுத்த வருஷக் குத்தகைக்கு முன்பணம் கொடுப்பவருக்கு இடம். கொடுக்காவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. கம்பத்துக்காரர் ஒருவர் அந்த இடத்தின்மேல் கண் வைத்திருப்பது அக்காவுக்குத் தெரியும். அக்காவிடம் இரண்டு மூட்டைக் காய் இருந்தது. எங்கள் கடை விலை சொல்லி, அவர் 1 போட்டால், கம்பத்தில் இருக்கிற எங்கள் ஆள் அரை மணி நேரத்தில் பணத்தோடு போய்விடுவார். மாதிரிக் காயை அக்கா முந்தின நாளே பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தார்.

காலை ஒன்பது மணிக்குத் தேவாரத்துக்காரர் ஒருவரின் காய் பிடிக்கவில்லை என்று முதலாளி தள்ளிவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன அவசரம்? 0 என்று அடித்து, கேட்டதில் பாதிக்கும் கீழே கட்டணம் போட்டேன். பத்து மணிக்கு அக்காவின் மாதிரியை முதலாளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். இரண்டு காயை உடைத்து விதையைக் கடித்தார். பிறகு என் கையை இழுத்துத் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்து விலையைச் சொன்னார். கடையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் துண்டு.

நல்ல விலை. அக்காவுக்கு அதுவரை யாரும் கொடுக்காத விலை. அந்த அவசரம் எனக்குத் தெரிந்ததால் இந்த முறை பேரம் பேசவில்லை. கேட்டதற்குமேல் கொஞ்சம் கூடவே போட்டு அனுப்பினேன். 'கை உள்ளே' என்று வந்தது.

பதினொன்றரைக்கும் கை உள்ளேதான் இருந்தது. மருமகன் மதுரைக்குப் போயிருந்தார். போன் போட்டேன்.

"முன்னாடி எதாச்சும் அனுப்புனீங்களா?" என்றார்.

"தேவாரத்துக்கு ஒரு சைபர் அனுப்புனேன் சார்."

"எவ்வளவு போட்டீங்க?"

"பாதி."

"எதுல பாதி?"

"அது கேட்டதுல."

"அண்ணே, அது மெஷின். அதுகிட்ட பேரம் பேசினா எறங்கி வராது. அப்படியே நிக்கும்."

"நிக்கட்டும் சார். அக்காவுக்கு முழுசாத்தான போட்டேன்? கூடவே போட்டேன்."

"நீங்க கோடி போட்டாலும் போகாது. நம்ம கடைக்கு ஒரே வரிசை. முன்னாடி நிக்கிறது போனாத்தான் பின்னாடி நிக்கிறது நகரும்."

போடிமெட்டு வளைவில் சுமை லாரி ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு நின்றால், பின்னால் ஆம்புலன்ஸ் வந்தாலும் நிற்கத்தான் வேண்டும். எனக்கு அது உடனே விளங்கியது. அந்த லாரியை அங்கே நிறுத்தியவன் நான்தான் என்பதும் விளங்கியது.

"அந்தச் சைபரை எடுத்துரலாமா சார்?"

"எடுக்கலாம். அதுக்குச் சாவி என் லேப்டாப்ல இருக்கு. லேப்டாப் வீட்டு பீரோவுல, பீரோ சாவி என் பையில. சாயந்தரம் வந்துருவேன். கூட்டம் கொறஞ்சா அதுவே போயிடும். இன்னைக்கு எவனோ பொம்மைப் படம் விக்கிறானாம், உலகமே அங்க வரிசையில நிக்குது."

பொம்மைப் படம். எந்தத் தேசத்திலோ எவனோ கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு பொம்மைப் படத்தை வாங்கத் துட்டை அள்ளி இறைக்கிறான். அவனுக்குப் பின்னால் பண்ணைப்புரத்து அக்காவின் ஒரு ஏக்கர் நிற்கிறது.

முதலாளி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மீன்குழம்பு. நான் வாசலில் நின்று சொன்னேன்.

"மொதலாளி, அந்தக்காவுக்குப் போன்ல வெலையச் சொல்லிரவா? ரெண்டு மணிக்கு மேனேசர் வர்றாக."

அவர் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "கை எங்கன இருக்கு?"

"உள்ளதான் இருக்கு."

"உள்ள இருக்கும்போது வாயால வெல சொல்றவன் யாவாரியாலே? இத்தன துட்டுப் போட்டு ஆப் எதுக்கு, போன்லயே கத்துறதுக்கா? சொன்னீன்னா அப்படியே பையத் தூக்கிட்டுப் போயிரு."

"அவுகளுக்கு எடம் போயிரும் மொதலாளி."

"எடம் போனா இன்னொரு எடம். பேரு போனா?" என்று சொல்லி மீனைப் பிட்டார்.

கடைக்கு வந்து உட்கார்ந்தேன். பன்னிரண்டேமுக்காலுக்கு அக்கா போன் செய்தார்.

"தம்பி, கை இன்னும் உள்ளயா இருக்கு?"

"ஆமாக்கா."

"காலையில இன்னொரு யாவாரி வீட்டுக்கே வந்தாக. கையில துட்டு வச்சிருந்தாக. கை உள்ள இருக்கு, வாயெடுக்க முடியாதுன்னு அனுப்பிட்டேன். சரியாத்தான தம்பி செஞ்சேன்?"

அந்த எண் என் நாக்கில் இருந்தது. நாலு இலக்கம். சொல்ல இரண்டு வினாடி ஆகும், காசு ஆகாது. எதிர்க்கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தார். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது.

"வந்துரும்க்கா" என்றேன்.

இரண்டரைக்கு மறுபடி போன் வந்தது. "எடம் போச்சு தம்பி. கம்பத்துக்காரரு குடுத்துட்டாக. கொட்டகைக்குப் பூட்டுப் போட்டுட்டாக." அவர் அழவில்லை. "கை இன்னும் உள்ளதான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கடைப் போனைத் தராசுத் தட்டில் வைத்தேன். முதலாளி கணக்கில் குனிந்திருந்தார். சொல்லிக்கொள்ளவில்லை. பையில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி. சந்தை விட்டு வெளியே வந்து தேவாரம் சாலையில் திரும்பினேன்.

பண்ணைப்புரத்துக்குப் போகவேண்டும் என்று நினைத்துக் கிளம்பவில்லை. கால் போனது. தேவாரத்தில் பஸ் ஏறினேன். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அக்கா வாசலில் இரண்டு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முறத்தை வைத்தார்.

"வேலைய விட்டுட்டு வந்தியாக்கும்?"

"ஆமாக்கா."

"விடுறதுன்னா காலையில விட்டிருக்கலாம்."

அவர் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். போனிலேயே விலையைச் சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை என்று சொன்னேன். என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. கை இன்னும் உள்ளே இருந்தது, அவரும் சந்தின் ஆள்தான்.

நான் செம்பைக் கீழே வைக்கும்போது அவர் போன் மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். 'கை வெளியே'. கீழே அந்த நாலு இலக்கம். எந்தத் தேசத்திலோ பொம்மைப் படம் விற்று முடிந்திருக்கவேண்டும். அவர் எண்ணை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"நல்ல வெலதான்" என்றார்.

நான் தெருவில் போய்க் குடித்த தண்ணீரை வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது அவர் 1 ஐ அழுத்திவிட்டிருந்தார்.

"கோவத்துல காய வீட்டுல வச்சுக்கிட்டு என்ன செய்ய? பூஞ்சணம் பிடிக்கும்" என்றார். போனை என் பக்கம் திருப்பினார். "இதுக்கும் காசு கேட்டுச்சு தம்பி. சரின்னு சொல்றதுக்கு. அது கேட்டதக் குடுத்துட்டேன். நான் பேரம் பேசல."

போனில் 'கை உள்ளே' என்று இருந்தது.

அன்றிரவு பஸ் நிறுத்தத்தில் படுத்தேன். விடியும்போது அக்கா தூக்குவாளியோடு அங்கே வந்தார். மலைக்குக் கூலிக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்புக்காகத்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா கூலிக்குப் போன அதே ஜீப், டிரைவர் மட்டும் வேறு ஆள்.

"எங்கன போறீக?" என்று கேட்டேன்.

"அங்கனதான். புதுசா எடுத்தவுகளுக்கும் செடியோட பேச்சுத் தெரிஞ்ச ஆளு வேணுமே." கொஞ்சம் நகர்ந்து நின்றார். "மருந்தடிக்க ஆம்பள ஆளு தேடுறாக. நீ வாறதுன்னா வா. வராட்டியும் ஒண்ணுமில்ல."

ஜீப்பில் பதினாறு பெண்களும் நானும். பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். ஒரு கிழவி, "புது மாப்பிள்ளைய உள்ள விடுங்கடி, வழியில உதுந்துறப் போறான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. செக்போஸ்டில் மலையாளத்தில் என்னவோ கேட்டார்கள், டிரைவர் பதில் சொன்னார்.

தோட்டத்தில் கொட்டகைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அக்கா அதைப் பார்க்காமல் மேலே ஏறினார். கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்து, மருந்தடித்துப் பழக்கம் உண்டா என்றார். திராட்சைக்கு அடித்திருக்கிறேன் என்றேன். அது போதாது, நடுவில் நில் என்றார்.

மருந்தடிக்கிற மோட்டார் கீழே ஓடையோரம் இருக்கும். ஓஸ் குழாயின் நுனியைப் பிடித்து அடிக்கிறவர் மேலே சரிவில் நிற்பார். மோட்டார் சத்தத்தில் அவர் கத்துவது கீழே கேட்காது. அதனால் பாதிச் சரிவில் ஓர் ஆள் நிற்கவேண்டும். ஓஸை இழுத்துவிடுவதும், மேலே சொல்வதைக் கீழே சொல்வதும் அவன் வேலை. நாள்கூலி. அக்கா இரண்டு பாத்திக்கு அப்பால், தான் வைத்த செடிகளில் காய்ந்த தண்டுகளை அறுத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மேலே ஓஸ் வேரில் சிக்கியது. "நிறுத்து" என்று குரல் வந்தது. நான் ஓடைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய, "நிறுத்து" என்று கத்தினேன். மோட்டார் நின்றது.